இரவல் கண்

"பயங்கரவாத ஒழிப்பு நடவடிக்கையில் நட்பு நாட்டுக்கு உளவு மற்றும் கண்காணிப்பு உதவி வழங்கினோம்." இப்படி ஒரு வரியைச் செய்தியில் நீங்களும் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான். போன மாதம் நம் மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பாசாருக்குப் பக்கத்தில் பசியாறிக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் தம்பி, உதவி பண்ணோம்ங்கிறான், ஆனா சுடலைங்கிறான், குண்டும் போடலைங்கிறான். அப்ப என்னதான் பண்ணான்?"

"மேலேருந்து பார்த்துச் சொல்லியிருப்பாங்கண்ணே."

"சரி, பார்த்தவன் ஒருத்தன், சுட்டவன் ஒருத்தன். ஆளு மாறிப்போனா யாரைக் கேக்குறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் பட்டாளத்துக்காரன் இல்லை. தோட்டத்தில் பிறந்து, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் டவுனுக்கு இறங்கி வந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் ஊர் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் கம்யூனிஸ்ட்டுகள் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள், இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது, 12 வருஷம் நீடித்தது. அதனால் கண்காணிப்பு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே ஒரு பொருள் உண்டு. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி என்பதே கண்காணி என்ற சொல்லிலிருந்து வந்ததுதானே. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மராவி, ஏனென்றால் அது நமக்குப் பக்கம். சபாவிலிருந்து கடலைத் தாண்டினால் பிலிப்பைன்ஸின் மின்டனாவ் தீவு, மராவி அங்கேதான் இருக்கிறது. 2017 மே 23 அன்று இஸ்னிலோன் ஹபிலோன் என்பவரைப் பிடிக்க பிலிப்பைன்ஸ் படை மராவி நகருக்குள் போனது. அபு சயாஃப் என்ற தீவிரவாதக் குழுவின் பிரிவு ஒன்றுக்குத் தலைவர் அவர், தலைக்கு அமெரிக்கா 50 லட்சம் டாலர் விலை வைத்திருந்தது. ஒரு ஆளைப் பிடிக்கப் போன இடத்தில் மவுத்தே சகோதரர்களின் கூட்டமும் சேர்ந்து வெளியே வந்தது, ஐஎஸ் கொடி ஏறியது, சண்டை ஐந்து மாதம் இழுத்தது. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். மூன்றரை லட்சம் பேர் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஹபிலோனும் ஓமர் மவுத்தேவும் அக்டோபர் 16இல் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குப் பணம் திரட்டித் தந்தவராகச் சொல்லப்பட்ட மஹ்முட் அஹ்மட்டும் அதே மாதம் அங்கே செத்தார். அவர் நம் நாட்டுக்காரர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர்.

பிலிப்பைன்ஸ் ராணுவத்துக்குக் காட்டில் சண்டை போட்டுப் பல வருஷப் பழக்கம். மராவியோ சிமெண்டு வீடுகள் நெருக்கியடித்த ஊர். ஒரு வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு அடுத்த வீட்டுக்குள் போகலாம், வெளியே தலைகாட்டவே வேண்டாம். எந்த வீட்டில் எத்தனை பேர், கூரையில் யார், ராத்திரி எந்தச் சந்து வழியாகச் சாமான் வருகிறது என்றெல்லாம் பார்க்க அவர்களிடம் போதுமான கண் இல்லை. அந்தக் கண்ணைத்தான் இரவல் வாங்கினார்கள். அமெரிக்காவின் பி-3 ஓரியன் விமானம் மேலே வந்து சுற்றியது. ஜூன் 23 அன்று ஆஸ்திரேலியா தன் பங்குக்கு இரண்டு ஏபி-3சி ஓரியன்களை அனுப்புவதாக அறிவித்தது.

ஓரியன் என்பது கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காகச் செய்த விமானம். நான்கு காற்றாடி, பத்து மணி நேரம் போல வானத்திலேயே கிடக்கும், உள்ளே பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள், அதில் பலர் திரை முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். இருட்டில் உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் காட்டும் கேமராவும் உண்டு. நீர்மூழ்கி தேடுகிற விமானத்துக்கு ஊருக்கு மேலே என்ன வேலை என்றால், நேரம்தான் காரணம். சண்டை விமானம் வந்த வேகத்தில் போய்விடும். இது உட்கார்ந்து பார்க்கும். பினாங்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த விமானம் அந்நியமில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து ஆஸ்திரேலிய ஓரியன்கள் பட்டர்வொர்த் தளத்துக்கு வந்து, தென்சீனக் கடலையும் இந்தியப் பெருங்கடலின் வடக்கையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது, ஆப்பரேஷன் கேட்வே என்று அதற்குப் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்கச் சிறப்புப் படை பிலிப்பைன்ஸ் அரசு கேட்டுக்கொண்டபடி உதவுகிறது என்று மணிலாவிலிருக்கும் அமெரிக்கத் தூதரகம் ஜூனில் சொன்னது. நான் யாரையும் கேட்கவில்லையே என்றார் அதிபர் டுட்டர்டே. அதற்கு முந்தைய வருஷம்தான் மின்டனாவிலிருக்கும் அமெரிக்கர்கள் வெளியேற வேண்டும் என்று அவர் மேடையில் முழங்கியிருந்தார். யார் பொய் சொன்னது? இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். 2002இல் பாசிலான் தீவுக்கு அமெரிக்கச் சிறப்புப் படை வந்ததிலிருந்து சம்போவாங்காவில் அவர்களுடைய தனி அலுவலகமே இருந்தது, 2015 வரை. பதின்மூன்று வருஷம் ஒரே அறையில் ஒரே திரையைப் பார்த்த இரண்டு ராணுவங்களுக்குள் ஒரு போன் போதும், அதிபர் மாளிகை வரை கேள்வி போக வேண்டியதே இல்லை. மேலே தலைவர்கள் மாறுவார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். கீழே பழக்கம் அப்படியே ஓடும்.

சரி, ஏன் உளவு உதவி? ஆளையே அனுப்பினால் என்ன? பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டம் 1987இலிருந்து, ஒப்பந்தம் இல்லாமல் அந்நியத் தளமோ படையோ கூடாது என்கிறது. 1991இல் செனட் தளங்களுக்கான புது ஒப்பந்தத்தை நிராகரித்தது, அடுத்த வருஷம் சூபிக் தளத்திலிருந்து அமெரிக்கக் கடற்படை மூட்டை கட்டியது. அப்புறம் வந்துபோகும் படைக்கென்று 1998இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், ஆஸ்திரேலியாவோடு போட்டது 2012இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது வரலாம், பழக்கலாம், ஆலோசனை சொல்லலாம், ஆனால் சண்டைக்குள் இறங்கக் கூடாது. இந்தச் சட்டப் பொந்துக்குள் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துகொள்வது உளவு உதவிதான். சவப்பெட்டி திரும்பி வராது. எதிர்க்கட்சி கேட்டால் நாங்கள் படம்தான் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். வாங்குகிறவருக்கும் வசதி, சண்டை எங்களுடையது என்று மார்தட்டலாம்.

அந்த உதவிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால், மூன்று வகைதான். படம் ஒன்று. காற்றில் போகும் பேச்சைப் பிடிப்பது ஒன்று, கைப்பேசி, வாக்கி-டாக்கி, எந்தக் கருவி எந்தக் கூரைக்குக் கீழே உயிரோடு இருக்கிறது என்பது. மூன்றாவது ஆள், அதாவது உள்ளேயிருந்து சொல்லும் மனிதன். பணக்கார நாடு முதல் இரண்டையும் மூட்டை மூட்டையாகத் தரும். மூன்றாவது உள்ளூர்க்காரனிடம்தான் இருக்கும். மொழி தெரிய வேண்டும், மாமன் மச்சான் உறவு தெரிய வேண்டும், யாருக்கு யார் மேல் பழைய பகை என்று தெரிய வேண்டும்.

படம் என்றால் ஒரு நாள் எடுத்து அனுப்பும் போட்டோ இல்லை. ஒரு இடத்தை 24 மணி நேரமும் ஆளில்லா விமானத்தால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் வழக்கமாக நான்கு விமானம் வேண்டும், ஒன்று பறக்க, ஒன்று போக வர, மற்றது பழுதுபார்ப்பில். தரையில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் படிப்பதற்குப் பெரிய கூட்டமே வேண்டும். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சலிப்பான விஷயங்கள்தான். காலையில் கிணற்றுக்கு யார் வருகிறார், கொடியில் எத்தனை பேர் துணி காய்கிறது, ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு எதற்குப் பன்னிரண்டு பேர் சாப்பாடு. நாள் முழுக்க, வாரக்கணக்கில். காலையில் தோட்டத்தாரைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் கங்காணி நின்று, இன்றைக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கணக்கெடுக்கும் வேலை மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால் கங்காணிக்கு ஆளின் பேர் தெரியும், குடும்பம் தெரியும். மேலேயிருப்பவனுக்குத் தெரிவது உருவமும் நடமாட்டமும்தான். அந்த உருவத்துக்குப் பேர் வைப்பது யார் என்பதில்தான் லோரி அண்ணனின் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

மர்வான் கதையைச் சொன்னால் இது பிடிபடும். இயற்பெயர் சுல்கிஃப்லி பின் ஹிர், மூவார்க்காரர், நம் ஜொகூர்தான். குண்டு செய்வதில் கெட்டிக்காரர் என்று பேர், இவருக்கும் 50 லட்சம் டாலர் வரை விலை. 2012 பிப்ரவரி 2 அன்று ஜோலோ தீவில் ஒரு குடியிருப்பின் மேல் பிலிப்பைன்ஸ் விமானப்படை குண்டு போட்டது, மர்வான் செத்தார் என்று ராணுவம் அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தி. சாகவில்லை. உயிரோடுதான் இருந்தார், இன்னும் மூன்று வருஷம்.

2015 ஜனவரி 25 விடியற்காலையில் மின்டனாவில் மாமசபானோ என்ற ஊரில் அவர் குடிசையைப் பிலிப்பைன்ஸ் போலீஸ் சிறப்புப் படை சுற்றி வளைத்தது. இடத்தைக் காட்டித் தந்ததில் அமெரிக்க உளவுத் தகவலுக்குப் பெரிய பங்கு உண்டு, பயிற்சியிலும் உண்டு. மர்வான் செத்தார். இந்தத் தடவை ஆள் மாறவில்லை என்று நிரூபிக்க அவருடைய விரலை வெட்டி எடுத்து வந்தார்கள், அது அமெரிக்கப் புலனாய்வுத் துறையிடம் போய், உறவினர் ஒருவரின் மரபணுவோடு ஒத்துப்போனது. வானத்திலிருந்து அத்தனை வருஷம் பார்த்தும், கடைசியில் இது அவர்தான் என்று உறுதி சொன்னது ஒரு விரல்.

ஆனால் அந்தப் படை திரும்பி வர வேண்டிய வழியில்தான் நாசம் நடந்தது. சுற்றியிருந்தது மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியின் வட்டாரம். அரசோடு சமாதான ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகாத அமைப்பு, 2014 மார்ச்சில் கையெழுத்தானது, அதற்கு நடுவராக நின்றது மலேசியா. நாங்கள் வருகிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த சொந்த ராணுவத்துக்கே தாமதமாகத்தான் சொன்னார்கள், ரகசியம் கசிந்துவிடும் என்று பயம். விடியும்போது சோளக்கொல்லைக்குள் மாட்டிக்கொண்ட போலீஸ்காரர்களில் 44 பேர் செத்தார்கள். எதிர்ப்பக்கமும் பதினேழு பதினெட்டுப் பேர், பொதுமக்களும் சிலர்.

குடிசையைக் கண்டுபிடித்த கண்ணால் ஊரைப் படிக்க முடியவில்லை. அங்கே விடியற்காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் சுற்றுவட்டாரத்திலுள்ள ஆண்கள் எல்லாம் ஆயுதத்தோடு வெளியே வருவார்கள், அவர்களில் யார் ஒப்பந்தக்காரன், யார் பிரிந்துபோனவன், யார் வெறும் குடியானவன் என்று எந்தக் கேமராவும் சொல்லாது. பிறகு நடந்த செனட் விசாரணை அறிக்கையில் இன்னொரு விஷயம் பதிவாகியிருக்கிறது. சண்டை நடந்துகொண்டிருந்தபோது கட்டளை மையத்தில் அமெரிக்கர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் பீரங்கியால் சுடச் சொன்னார், அங்கே பொறுப்பிலிருந்த பிலிப்பைன்ஸ் தளபதி இங்கே தளபதி நான்தான் என்ற பாவனையில் மறுத்துவிட்டார். பார்ப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று சொல்லிக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்போது சொல்லத் தொடங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தத் தளபதி செய்தது சரியா தப்பா என்று பிலிப்பைன்ஸில் இன்னும் வாதம் உண்டு. மாட்டிக்கொண்டவர்களின் குடும்பத்தாருக்கு அவர் மேல் கோபம். எனக்கு அவர் சுடாமல் இருந்ததும் புரிகிறது, அவர்களுடைய கோபமும் புரிகிறது.

மேலே விமானம் இருந்தால் எல்லாம் துல்லியம் என்று நம்புகிறவர்களுக்கு மராவியிலிருந்தே இன்னொன்று. 2017 மே 31 அன்று பிலிப்பைன்ஸ் விமானம் போட்ட குண்டு சொந்தப் படையின் மேலேயே விழுந்து குறைந்தது பத்து வீரர்கள் செத்தார்கள். நல்ல படம் கிடைத்தால் இந்த மாதிரித் தவறு குறையும் என்பது உதவி தருகிறவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தகவல்கள் கைமாறும்போது சில எழுதப்பட்ட விதிகளும் எழுதப்படாத விதிகளும் உண்டு. கொடுத்தவர் அனுமதி இல்லாமல் வாங்கியவர் மூன்றாம் நாட்டுக்குக் கைமாற்றக் கூடாது, இது முக்கியம். அறிக்கையில் நடுவே ஒரு கோடு இருக்கும், கோட்டுக்கு மேலே எப்படிக் கிடைத்தது என்ற விவரம், கீழே எது கிடைத்தது என்பது மட்டும். நட்பு நாட்டுக்குக் கிழித்துத் தருவது கீழ்த்துண்டு. ஆக வாங்குகிறவருக்கு முடிவு தெரியும், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று தெரியாது. இந்த வீட்டில் அவன் இருக்கிறான் என்று துண்டுச்சீட்டு வந்தால், அதை நம்புவதா, ஒதுக்குவதா, இரண்டே வழிதான். தோண்டிக் கேட்க முடியாது.

ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்குத் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 4 அன்றே இந்தியா இலங்கைக்குச் சொல்லிவிட்டது, தாக்குதல் வரப்போகிறது, தலைவன் பேர் இது, இலக்கு தேவாலயங்கள் என்று. துண்டுச்சீட்டு கொழும்பில் மேசை மாறி மேசை போனது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத நேரம். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, 260 பேருக்கு மேல் செத்தார்கள். 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது.

இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றைத் தாண்டிப் போக முடியாது, தமிழில் எழுதிக்கொண்டு அதை விட்டுவிடுவது சரியும் இல்லை. 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியா படைமுகாமைப் புலிகள் தாக்கினார்கள். காயம்பட்டவர்களில் இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள், இந்தியா கொடுத்த ரேடார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப ஆட்கள். ஆயுதம் கொடுக்கவில்லை, தற்காப்புக் கருவிதான் கொடுத்தோம் என்பது டில்லி அதுவரை சொல்லிவந்த பேச்சு. அதற்கு முந்தைய வருஷம் புலிகளின் நான்கு பெரிய கப்பல்களை இலங்கைக் கடற்படை தன் கரையிலிருந்து வெகுதூரம் போய் நடுக்கடலில் மூழ்கடித்தது, அதற்கு அமெரிக்க உளவுத் தகவல் உதவியது என்று பிறகு பலரும் எழுதினார்கள். கப்பல் போனதும் ஆயுதம் வருவது நின்றது, அடுத்து நிலத்தில் நடந்தது உலகம் அறிந்தது. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்பதை மறுத்துவிட முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அந்தக் குழு சாட்சியாக எடுத்துக்கொண்டவற்றில் செயற்கைக்கோள் படங்களும் உண்டு. போர் நடக்கும்போதே முள்ளிவாய்க்கால் மணல்திட்டுக்கு மேலே கண் இருந்தது. இரவல் கொடுத்தவர்கள் யாரும் அப்போது அந்தக் கண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை.

யார் பயங்கரவாதி என்ற பட்டியலும் கண்ணோடு சேர்ந்தே இரவல் வரும். பிரிட்டிஷ்காரன் மலாயாக் காட்டிலிருந்தவர்களை முதலில் கொள்ளைக்காரன் என்றான், 1952இல் பேரை மாற்றிக் கம்யூனிஸ்ட் பயங்கரவாதி என்றான். ஆள் அதே ஆள். 2019 அக்டோபரில் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் இங்கே 12 பேரைப் பிடித்தார்கள், சட்டமன்ற உறுப்பினர் இருவரும் அதில் உண்டு. புலிகள் இயக்கமே 2009இல் முடிந்துபோனது, மலேசியா அதைப் பட்டியலில் சேர்த்தது 2014இல். 2020 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்ததற்கு யாரும் நஷ்டஈடு தரவில்லை என்று எங்கள் பக்கம் இன்னும் பேசுவார்கள்.

இரவலுக்கு வாடகை உண்டா என்று கேட்டால், பணமாக இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரைப் பாருங்கள். 2013இல் மாலியில் பிரான்ஸ் நடத்திய சண்டைக்குப் படம் எடுத்துக்கொடுக்க அமெரிக்கா சுமார் நூறு பேரோடு நைஜர் தலைநகர் நியாமேயில் இறங்கியது. பிறகு அகடேஸ் பாலைவனத்தில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஆளில்லா விமானத் தளமே கட்டியது. 2020 ஜூனில் அல் காய்தாவின் வட ஆப்பிரிக்கத் தலைவர் ட்ரூக்டெலை மாலியில் பிரெஞ்சுப் படை கொன்றபோது, அமெரிக்கா சொன்னதும் அதே வரிதான், உளவு மற்றும் கண்காணிப்பு உதவி வழங்கினோம். 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2024இல் அமெரிக்கர்களைப் போகச் சொன்னது, செப்டம்பருக்குள் எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். கட்டடம் அங்கேயே நிற்கிறது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த பத்து வருஷப் படங்கள் மட்டும் எடுத்தவனோடு போய்விட்டன.

மலேசியா இதில் கொஞ்சம் சாமர்த்தியமாகத்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவோடு பாதுகாப்புக் கூட்டு ஒப்பந்தம் கிடையாது, பிலிப்பைன்ஸுக்கு 1951இலிருந்து இருக்கிறது. நமக்கு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு 1971இன் ஐந்து நாட்டு ஏற்பாடு உண்டு, அது கலந்து பேசிக்கொள்ளும் ஏற்பாடு, கட்டாயம் இல்லை. மராவி எரிந்துகொண்டிருந்த 2017 ஜூனில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸோடு சேர்ந்து சூலு கடலில் ரோந்து தொடங்கினோம், அக்டோபரில் வான்ரோந்தும். மூன்று பேரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒருவர் கடலில் இன்னொருவரின் மீனவன் யார், கடத்தல்காரன் யார் என்று ஓரளவு தெரியும். கண்ணைப் பொறுத்தவரை நம்முடையது மங்கல்தான், அமெரிக்கா கொடுத்த ஸ்கேன்ஈகிள் ஆளில்லா விமானங்களும் நம் கடற்படையிடம் இருக்கின்றன. ஆனால் பறக்கவிடுவதும் படத்தைப் படிப்பதும் நம் ஆட்கள். இரவல் வாங்கினாலும் இப்படி வாங்குவது மேல் என்பது என் கணக்கு.

இனி எங்கள் ஊர்.

அவசரகாலத்தில் மலாயாவுக்கு மேலே பறந்தவர்கள் பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர். 1957இல் சுதந்திரம் வந்த பிறகும் 1960 வரை தொடர்ந்தார்கள், அந்த மூன்று வருஷமும் இன்றைய பாஷையில் சொன்னால் நட்பு நாட்டுக்கு வழங்கிய உதவிதான். சிங்கப்பூர் செலேத்தாரிலிருந்த 81ஆம் படைப்பிரிவின் வேலை காட்டைப் படம் பிடிப்பது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் விமானம் கடைசியாக வேலைக்குப் பறந்தது 1954 ஏப்ரல் 1 அன்று, அதுவும் ஜொகூர்க் காட்டுக்கு மேலே படம் பிடிக்கத்தான். ஹிட்லரோடு மோதிப் பேர் வாங்கிய விமானத்துக்குக் கடைசி வேலை நம் காட்டில்.

ஆனால் மேலேயிருந்து பார்த்தால் காடு காடாகத்தான் தெரியும். மரத்துக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. ஆஸ்டர் என்ற குட்டி விமானம் தாழப் பறந்து, காட்டு நடுவே மரவள்ளியோ கீரையோ போட்ட பாத்தி தெரிகிறதா என்று தேடும். பாத்தி இருந்தால் வயிறு இருக்கிறது. அதுவும் போதவில்லை. வேலையை முடித்தது கீழேயிருந்த கண். 1948இலேயே எல்லாருக்கும் கைரேகை வைத்து அடையாள அட்டை, இன்று நாம் ஐசி என்று பாக்கெட்டில் வைத்திருப்பதன் தாத்தா அது. 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் போட்ட திட்டம், ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்குள் அடைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளையும், ஓரிடத்தில் கூட்டி முள்கம்பி போட்டார்கள். கேட்டில் சோதனை. பால்வெட்டப் போகிறவன் மடியில் ஒரு பிடி அரிசி இருக்கக் கூடாது. டின் உணவு வாங்கினால் கடைக்காரன் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும், உடனே தின்றாக வேண்டும், காட்டுக்குப் போகக் கூடாது என்று. 1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது, மறுநாள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், ஐஎஸ்ஏ, நடைமுறைக்கு வந்தது. அது போக 2012 ஆனது. 2007இல் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை உள்ளே வைத்ததும் அதே சட்டம்தான்.

என் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. முள்கம்பிக்குள் வளர்ந்தவர். மராவி வீடியோ ஒன்றை, மேலேயிருந்து எடுத்த சாம்பல் நிறக் காட்சியை, கைப்பேசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அவர் சின்ன வயதில் லயத்துக்கு மேலே தாழ்வாக வரும் குட்டி விமானத்தைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடிவந்து கை ஆட்டுவார்களாம். ஒரு நாள் அவருடைய அப்பா, பால்வெட்டும் தீம்பாரிலிருந்து வந்தவர், பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாராம். "நீ சும்மா கையாட்டுறியா, காட்டுல இருக்கிறவனுக்கு ஜாடை காட்டுறியான்னு மேலே இருக்கிறவனுக்கு எப்படிடி தெரியும்?"

"அப்புறம் என்ன பண்ணீங்க பாட்டி?"

"சத்தம் கேட்டாலே உள்ளே ஓடி ஒளிஞ்சிக்குவோம். ஒளிஞ்சா மட்டும் என்னன்னு நினைப்பானோ."